டெக் முதலாளிகள் சண்டை போட்டால் செய்தியை எப்படிப் படிப்பது: ஒரு நைட் ஷிஃப்ட் துணையாசிரியரின் குறிப்புகள்

கலிஃபோர்னியாவில் விடிந்தால் எனக்கு வேலை ஆரம்பம். சென்னையில் ஒரு செய்தித் தளத்தில் பதினோரு வருடமாக இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். பத்து மணிக்கு உட்கார்ந்தால் காலை ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். தேர்தல், புயல், விபத்து என்று எதுவும் இல்லாத ராத்திரிகளில் மேசையில் வந்து விழுவது பெரும்பாலும் ஒரே சங்கதிதான். எலான் மஸ்க் யாரையோ திட்டியிருப்பார், இல்லையென்றால் யாரோ அவரைத் திட்டியிருப்பார்கள். பத்து நிமிடத்தில் அதைத் தமிழில் ஏற்ற வேண்டும்.

இந்தச் சண்டைகளை எழுதி எழுதி எனக்கென்று சில பழக்கங்கள் வந்துவிட்டன. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு டீ இடைவேளையில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். செய்தி எழுதாதவர்களுக்கும் உதவும். அந்தக் கம்பெனிகளின் பங்கை வைத்திருப்பவர், அங்கே வேலை பார்க்கிறவர், வீட்டில் சாப்பாட்டு மேசையில் "யார் சொல்றது சரி?" என்று மகனோடு மல்லுக்கு நிற்கிறவர், எல்லோரும் செய்து பார்க்கலாம்.

முதலில் காலண்டர்

என்ன திட்டினார் என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இரண்டு வாரம், பின்னால் இரண்டு வாரம், இந்த இடைவெளியில் அந்த இரண்டு கம்பெனிகளிலும் என்ன நடக்கிறது என்று தேடுங்கள். புதுப் பொருள் வெளியீடா, காலாண்டு கணக்கா, கோர்ட் விசாரணையா, முதலீடு திரட்டுகிறார்களா?

2023 ஜூனில் கிளம்பிய கூண்டுச் சண்டைப் பேச்சு ஞாபகம் இருக்கிறதா? ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் முதலாளி மார்க் ஜுக்கர்பெர்க் தயார் என்றால் கூண்டுக்குள் மோதத் தானும் தயார் என்று மஸ்க் எழுதினார். ஜுக்கர்பெர்க் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு, "லொகேஷன் அனுப்பு" என்று மட்டும் சொன்னார். "வேகஸ் ஆக்டகன்", அதாவது லாஸ் வேகஸில் உள்ள எட்டுப் பக்கச் சண்டைக் கூண்டு, என்று மஸ்க்கிடமிருந்து பதில் வந்தது. அவ்வளவுதான், உலகம் முழுக்க ஒரு மாதத்துக்கு அதே பேச்சு. மஸ்க் எத்தனை கிலோ, ஜுக்கர்பெர்க் எத்தனை உயரம் என்று அட்டவணை போட்டவர்களில் நானும் ஒருத்தி. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 5ஆம் தேதி மெட்டா த்ரெட்ஸை வெளியிட்டது. மஸ்க் கையில் இருந்த ட்விட்டருக்கு நேர்ப் போட்டி. ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். வெளியான அதே நாள் ட்விட்டரின் வக்கீல் ஜுக்கர்பெர்க்குக்குக் கடிதம் எழுதினார். எங்கள் பழைய ஊழியர்களை எடுத்துக்கொண்டு எங்கள் வணிக ரகசியங்களைப் பயன்படுத்திவிட்டீர்கள் என்பது குற்றச்சாட்டு. த்ரெட்ஸ் பொறியாளர் குழுவில் ட்விட்டரின் முன்னாள் ஊழியர் ஒருவர்கூட இல்லை என்று மெட்டா மறுத்தது. உண்மையான சண்டை அந்தக் கடிதத்தில்தான் இருந்தது. ஆனால் அன்று எங்கள் தளத்தில் அதைப் படித்தவர்கள், கூண்டுச் செய்தியைப் படித்தவர்களில் ஒரு சிறு பங்குதான்.

இதெல்லாம் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மஸ்க் நள்ளிரவில் தோன்றியதை எழுதுகிற ஆள், எல்லாவற்றிலும் சதி தேடினால் நமக்குத்தான் பைத்தியம் பிடிக்கும். ஆனாலும் தேதியை வைத்துப் பார்த்தால், கண்ணில் படாதது படும். இன்னொன்று பாருங்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ கம்பெனியின் ஜிபிடி-4ஐ விடச் சக்திவாய்ந்த ஏஐ அமைப்புகளைப் பயிற்றுவிப்பதை ஆறு மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்ற பகிரங்கக் கடிதம் 2023 மார்ச்சில் வந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் மஸ்க் உண்டு. அதே மார்ச் மாதம்தான் அவருடைய சொந்த ஏஐ கம்பெனியான எக்ஸ்ஏஐ அமெரிக்காவின் நெவாடாவில் பதிவானது. இந்த இரண்டு தகவலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், கருத்து என்று நாம் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

எண்ணைத் தொடாதீர்கள்

இது நான் சூடுபட்டுக் கற்றுக்கொண்டது.

2025 பிப்ரவரி 11, நம் ஊரில் விடியாத நேரம். அமெரிக்காவில் இன்னும் 10ஆம் தேதி. ஓபன்ஏஐயைக் கட்டுப்படுத்தும் லாப நோக்கற்ற அமைப்பை 97.4 பில்லியன் டாலருக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று மஸ்க் தலைமையிலான குழு கேட்டிருக்கிறது என்று செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் ஓபன்ஏஐயின் தலைமை அதிகாரி சாம் ஆல்ட்மேன், ட்விட்டருக்கு மஸ்க் வைத்த புதுப் பெயரான எக்ஸ் தளத்தில் பதில் போட்டார். வேண்டாம் நன்றி, வேண்டுமானால் ட்விட்டரை 9.74 பில்லியன் டாலருக்கு நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

எங்கள் தளத்தில் டாலர் தொகை எதுவானாலும் ரூபாயில் மாற்றிப் போடுவது வழக்கம். நானும் கடமை தவறாமல் மாற்றினேன். "ஓபன்ஏஐயை ரூ.8.5 லட்சம் கோடிக்குக் கேட்ட மஸ்க், ட்விட்டரை ரூ.85 ஆயிரம் கோடிக்குக் கேட்ட ஆல்ட்மேன்." கணக்கு சரி. தலைப்பும் சரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, எல்லாரும் சிரிக்கிறாங்களே, இதுல என்ன ஜோக்கு?"

ஜோக்கு புள்ளியில் இருந்தது. 97.4 என்பதில் புள்ளியை ஒரு இடம் இடதுபக்கம் தள்ளினால் 9.74. உன் எண்ணையே எடுத்துப் பத்தில் ஒன்றாக்கி உன்னிடமே நீட்டுகிறேன் என்கிறார். அதற்கடியில் இன்னொரு குத்தும் இருக்கிறது. ட்விட்டரை மஸ்க் 2022 அக்டோபரில் வாங்கியது 44 பில்லியனுக்கு. 9.74 என்பது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இதையெல்லாம் லட்சம் கோடியாகவும் ஆயிரம் கோடியாகவும் உருட்டிக் கொடுத்தால் வாசகருக்கு இரண்டு பெரிய தொகைதான் தெரியும். எனவே சண்டைக்குள் வரும் எண்ணை அப்படியே வையுங்கள், ரூபாய்க் கணக்கை அடுத்த பத்தியில் கொடுங்கள். அன்று தலைப்பை மாற்றுவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

கேட்பது கிடைக்கவா, விலையை ஏற்றவா?

அதே 97.4ஐ இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஓபன்ஏஐ விற்க மாட்டேன் என்று சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாலு நாளில் அதன் போர்டு நிராகரித்தும் விட்டது. பின்னே ஏன் கேட்க வேண்டும்?

ஊரில் ஒரு டிரஸ்டுக்குச் சொந்தமான நிலம் இருக்கிறது என்று வையுங்கள். அதை நிர்வாகக் கமிட்டியே தொடங்கிய ஒரு புதுக் கம்பெனிக்கு மாற்றப் பார்க்கிறார்கள். டிரஸ்டுக்கு நியாயமான விலை கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் நியாயம் எவ்வளவு என்று யார் சொல்வது? அந்த நேரத்தில் கமிட்டிக்குப் பிடிக்காத ஒருவர் ஊர் நடுவில் நின்று "நான் இவ்வளவு தருகிறேன்" என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போகிறார். நிலம் அவருக்குக் கிடைக்காது, அது அவருக்கும் தெரியும். ஆனால் இனிமேல் அந்தத் தொகைக்குக் கீழே கை மாற்றினால் ஊர் கேள்வி கேட்கும், கோர்ட்டும் கேட்கும்.

ஓபன்ஏஐ அப்போது லாப நோக்குள்ள அமைப்பாக மாறப் பார்த்துக்கொண்டிருந்தது. லாப நோக்கற்ற தாய் அமைப்புக்கு அதற்கு ஈடாக எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி. மஸ்க் அந்தக் கேள்விக்கு ஒரு குறைந்தபட்ச விலையைப் போட்டுவிட்டுப் போனார். 2025 அக்டோபரில் மாற்றம் முடிந்தபோது தாய் அமைப்பின் கையில் சுமார் 26 சதவீதம் இருந்தது, மைக்ரோசாஃப்டிடம் சுமார் 27. மஸ்க் கேட்டதால்தான் அவ்வளவு கிடைத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "நிராகரித்தார்கள், மஸ்க்குக்குத் தோல்வி" என்று எழுதிய தலைப்புகள் விஷயத்தைப் பிடிக்கவில்லை.

அதனால் ஒரு முதலாளி நடக்கவே நடக்காத ஒன்றைக் கேட்டால் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். கேட்டதனால் மட்டும் யாருக்குச் செலவு கூடுகிறது என்று பாருங்கள்.

கோர்ட் காகிதம் தேடுங்கள்

எக்ஸ் தளத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். கோர்ட்டில் கொடுக்கும் மனுவில் அப்படி முடியாது, வக்கீல் விடமாட்டார். சண்டை வழக்காக மாறிய நாளிலிருந்து பதிவுகளை மூடிவிட்டு மனுவைத் திறங்கள். நூறு பக்கம் இருந்தாலும் பயப்பட வேண்டாம். முதல் சில பக்கத்தில் கதை இருக்கும். கடைசிப் பக்கங்களில் கோர்ட்டிடம் என்னென்ன கேட்கிறார் என்ற பட்டியல் இருக்கும். நான் கடைசியிலிருந்துதான் படிப்பேன். காசு கேட்கிறாரா, தடை கேட்கிறாரா, காகிதங்களைக் காட்டச் சொல்கிறாரா என்று தெரிந்துவிட்டால் நடுப்பக்கங்களைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

ஓபன்ஏஐ மீது மஸ்க் 2024 பிப்ரவரி கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வழக்குப் போட்டார். ஜூனில் திரும்பப் பெற்றார். அதுவும் வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்ட மனு விசாரணைக்கு வர ஒரு நாள் இருக்கும்போது. ஆகஸ்டில் மத்திய நீதிமன்றத்தில் மறுபடியும் போட்டார். 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ எதிர்வழக்குப் போட்டது.

இந்த இழுபறியில் எனக்குப் பெரிய பொக்கிஷமாகப் பட்டது பழைய மின்னஞ்சல்கள். 2024 மார்ச்சில் ஓபன்ஏஐயே சிலவற்றை வெளியிட்டது. 2015இல் மஸ்க்கும் சேர்ந்து கம்பெனியைத் தொடங்கும்போது பத்து கோடி டாலர் என்று அறிவிக்கலாம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அது ரொம்பப் பரிதாபமாகத் தெரியும், 100 கோடி டாலர் உறுதியளிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்வோம் என்று மஸ்க் எழுதியிருக்கிறார். அந்த டிசம்பரில் உலகமே 100 கோடி என்றுதான் செய்தி போட்டது. ஓபன்ஏஐ சொன்ன கணக்குப்படி மஸ்க்கிடமிருந்து கடைசியில் வந்தது நாலரைக் கோடி டாலருக்கும் குறைவு. மற்ற நன்கொடையாளர்களிடமிருந்து ஒன்பது கோடிக்கு மேல்.

இதைப் படித்த பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். "இவ்வளவு முதலீடு" என்று யார் அறிவித்தாலும், "அறிவித்தார்" என்ற வினைச்சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டேன். "முதலீடு செய்தார்" என்று எழுத, பணம் போனதற்கு அடையாளம் வேண்டும். இன்னொன்றும் ஞாபகம் வையுங்கள். இந்த மின்னஞ்சல்களை வெளியிட்டது ஒரு தரப்பு. தனக்குச் சாதகமானதைத்தான் பொறுக்கிப் போட்டிருக்கும்.

யார் யாருக்குக் காசு கொடுக்கிறார்கள்?

ஜெஃப் பெசோஸும் மஸ்க்கும் ராக்கெட் விஷயத்தில் கீரியும் பாம்பும். 2015 நவம்பரில் பெசோஸின் ப்ளூ ஆரிஜின் ராக்கெட் செங்குத்தாகத் தரையிறங்கியது. மஸ்க் வாழ்த்துச் சொல்லிவிட்டு, இதை நாங்கள் ஏற்கெனவே சோதனையில் செய்துவிட்டோமே என்று ஒட்டவைத்தார். ஒரே மாதத்தில் மஸ்க்கின் ஃபால்கன் 9 தரையிறங்கியது. "கிளப்புக்கு நல்வரவு" என்றார் பெசோஸ். கிளப்பில் தான் முதலில் சேர்ந்த மாதிரி! அப்புறம் 2021இல் நிலவில் இறங்கும் வாகனத்தைச் செய்யும் ஒப்பந்தத்தை மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸுக்கு மட்டும் 2.9 பில்லியன் டாலருக்கு நாசா கொடுத்தபோது ப்ளூ ஆரிஜின் வழக்கு வரைக்கும் போய்த் தோற்றது.

இத்தனைக்கும் பிறகு 2023 டிசம்பரில் அமேசான் தன் செயற்கைக்கோள்களை ஏற்ற மூன்று ஃபால்கன் 9 பயணங்களை வாங்கியது. பெசோஸ் தொடங்கிய கம்பெனி மஸ்க்கின் கம்பெனிக்குக் காசு கொடுக்கிறது. அதற்குச் சில மாதம் முன்புதான் அமேசானில் பங்கு வைத்திருந்த ஒரு ஓய்வூதிய நிதி வழக்குப் போட்டிருந்தது: மலிவான, நம்பகமான ஸ்பேஸ்எக்ஸை ஏன் பரிசீலிக்கவே இல்லை, முதலாளியின் சொந்தப் பகைக்கு எங்கள் பணமா என்று. உங்களிடம் பங்கு இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஆப்பிளும் சாம்சங்கும் இதே ரகம். 2012 ஆகஸ்டில் காப்புரிமை வழக்கில் ஆப்பிளுக்குச் சாம்சங் நூறு கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா ஜூரி தீர்ப்புச் சொன்ன நாளில், ஐபோனின் உள்ளே இருந்த சிப்பைச் செய்து கொடுத்ததும் சாம்சங்தான். வழக்கு 2018இல் சமரசத்தில் முடிந்தது. சாமான் போய்க்கொண்டேதான் இருந்தது.

வாயைத் திறக்காதவரைக் கவனியுங்கள்

எனக்குத் தெரிந்து இந்தச் சண்டைகளில் பலமாக விழுந்த அடிகளில் ஒன்று, ஒரு சின்னப் பெட்டி. 2021 ஏப்ரலில் ஐபோனுக்கு ஆப்பிள் கொடுத்த ஐஓஎஸ் 14.5 மென்பொருளில், ஆப்பைத் திறந்தால் நடுவில் ஒரு கேள்வி வரும். மற்ற கம்பெனிகளின் ஆப்களிலும் தளங்களிலும் நீங்கள் செய்வதை இந்த ஆப் பின்தொடரலாமா? இரண்டு பொத்தான். வேண்டாம் என்பது மேலே, அனுமதி கீழே. ஃபேஸ்புக் விளம்பர வியாபாரம் அந்தப் பின்தொடர்தலில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நடக்கப்போவது தெரிந்து 2020 டிசம்பரிலேயே ஃபேஸ்புக் அமெரிக்காவின் பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, சிறு வியாபாரிகளுக்காக ஆப்பிளை எதிர்க்கிறோம் என்றது. அப்போது ஆப்பிளை நடத்திய டிம் குக்? 2021 ஜனவரியில் பிரஸல்ஸ் மாநாட்டுக்காக ஒரு உரை நிகழ்த்தினார். மக்களின் தகவலை உறிஞ்சும் வியாபாரங்களைக் காய்ச்சி எடுத்தார், ஆனால் ஃபேஸ்புக் என்ற பெயர் அதில் வரவே இல்லை. 2022 பிப்ரவரியில் மெட்டாவின் நிதி அதிகாரி, இந்த மாற்றத்தால் அந்த ஆண்டு சுமார் 10 பில்லியன் டாலர் வருமானம் போகும் என்றார். மறுநாள் பங்கு 26 சதவீதம் விழுந்தது. ஒரே நாளில் 230 பில்லியன் டாலருக்கு மேல் சந்தை மதிப்பு காலி. தினசரிப் பயனர் எண்ணிக்கை முதல்முறையாகக் குறைந்ததும் அன்றைய செய்தியில் இருந்தது, எல்லாப் பழியையும் அந்தப் பெட்டியின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் முழுப்பக்க விளம்பரம் தந்தவர் யார், அடி வாங்கியவர் யார் என்று பாருங்கள்.

திட்டுக்குள்ளும் சரக்கு இருக்கும்

2007இல் ஐபோனைப் பார்த்து மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் சிரித்த வீடியோவை இன்றைக்கும் பகிர்கிறார்கள். விலை 500 டாலரா, கீபோர்டு இல்லையா என்று கேட்டார். கீபோர்டு விஷயத்தில் அவர் கேலிக்கு ஆளானது நியாயம்தான். விலை? ஜூன் கடைசியில் 599 டாலருக்கு வந்த 8 ஜிபி ஐபோனை ஆப்பிள் செப்டம்பர் தொடக்கத்திலேயே 399க்கு இறக்கியது. போட்டியாளர் நம் பொருளின் ஓட்டையைத் தேடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். பத்துத் திட்டில் ஒன்றாவது சரியாக இருக்கும், அதைத் தேடி எடுங்கள்.

நம் ஊர்ச் சண்டை

2024 நவம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி 660 பேரை வேலையை விட்டு எடுக்கப்போவதாகச் சொன்னது. கூடவே 400 மில்லியன் டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப்போவதாகவும். அடுத்து, போட்டி மென்பொருள் கம்பெனியான ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு எக்ஸ் தளத்தில் எழுதினார். கையில் 100 கோடி டாலர் வைத்துக்கொண்டு ஆட்களை வேலையை விட்டு அனுப்பும் கம்பெனி ஊழியர்களிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கக் கூடாது என்றார். பெயர் சொல்லவில்லை, எண்கள் சொல்லிவிட்டன.

இதைப் படிக்கும்போது இரண்டு சமாச்சாரம் பக்கத்தில் இருக்கட்டும். ஃப்ரெஷ்வொர்க்ஸை 2010இல் சென்னையில் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் ஸோஹோவிலிருந்து வந்தவர். 2020இல் வணிக ரகசியம் தொடர்பாக ஸோஹோ அமெரிக்காவில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் மீது வழக்குப் போட்டு, 2021இல் சமரசமானது. அடுத்தது, ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி. ஸோஹோ பங்குச் சந்தைக்கே போகாதது. வேம்பு சொன்னதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அதை, சென்னையின் ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆரில் வேலை தேடும் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

கடைசியாக, நீயா நீங்களா

ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். தமிழில் போடும்போது நாம்தான் முடிவெடுக்க வேண்டும். ஆல்ட்மேன் மஸ்க்கை "நீ" என்கிறாரா, "நீங்கள்" என்கிறாரா? மரியாதையாகப் போட்டால் சண்டை மாதிரியே இருக்காது, மரியாதை இல்லாமல் போட்டால் குழாயடி ஆகிவிடும். என் வழி இது: கேலியாகச் சொல்லும் மரியாதைக்கு "நீங்கள்", நேரடி வசவுக்கு "நீ". நம் வாக்கியத்தில் இருவருக்கும் எப்போதும் "அவர்". நம் கோபதாபம் அந்த "ர்" மேல் ஏறக் கூடாது.

"லொகேஷன் அனுப்பு" வந்த ராத்திரி நான் அதை "முகவரி அனுப்பவும்" என்று போட்டேன். கூரியர் ஆபீஸ் எஸ்எம்எஸ் மாதிரி இருந்தது. கபீப் என்ற சண்டை வீரர் பிரபலமாக்கிய வசனம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. அதிலிருந்து, மூன்று சொல்லுக்குள் முடியும் பதிவு வந்தால் ஏற்கெனவே யாராவது சொன்னதா என்று தேடிவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

அந்த 9.74 ராத்திரியில் மஸ்க் ஆல்ட்மேனுக்கு ஒரே சொல்லில் பதில் போட்டார், மோசடிக்காரர் என்று அர்த்தம் வரும் ஆங்கிலச் சொல். நான் "எத்தன்" என்று போட்டேன். தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, எத்தன்னா எங்க தாத்தாவுக்குத்தான் புரியும். ஃப்ராடுன்னு போடலாமே" என்றான். போட்டோம். காலை ஷிஃப்டுக்கு வந்த எடிட்டர் அதை "மோசடிப் பேர்வழி" என்று மாற்றி வைத்திருந்தார்.